கொயினாவும் பம்பளிமாசும்: தோட்டத்து மருந்தின் வரலாற்றில் ஒரு மறந்த கேள்வி

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் ஒரு மூலிகையின் பெயரோ, ஒரு சூரணத்தின் பெயரோ காணப்படவில்லை. பெரும்பகுதி உணவைப் பற்றியது. முன் உண்டது செரித்ததா, அளவு மிஞ்சியதா, உடலுக்கு ஒத்ததா என்பவையே அங்கு எழும் கேள்விகள். மருந்தை ஒரு பக்கமும் உணவை மறு பக்கமுமாகப் பிரித்து வைக்காத இந்த நோக்கு தமிழ் மருத்துவத்திலும் தொடர்ந்து வந்தது.

சித்த வைத்தியத்தில் மருந்தைத் தனியே கொடுத்துவிடுவதில்லை. தேன், நெய், பால், இஞ்சிச் சாறு, வெந்நீர் என்று அதனோடு சேர்த்து உண்ணவேண்டியதையும் வைத்தியர் சொல்லியனுப்புவார். இதற்கு அனுபானம் என்று பெயர். ஒரே பற்பமானாலும் அனுபானம் மாறினால் பயனும் மாறும் என்பது வைத்தியர் கொள்கை. உண்ணவேண்டாதவற்றின் பட்டியலுக்குப் பத்தியம் என்று பெயர். புளியைத் தள்ளு என்பது அப்பட்டியலில் அடிக்கடி வரும் கட்டளை.

மேனாட்டு மருத்துவம் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தபோது அனுபானம் என்னும் கேள்வி பின்னே தள்ளப்பட்டது. எத்தனை பேருக்கு எத்தனை கிரெயின் மருந்து கொடுக்கப்பட்டது என்பதே கணக்காயிற்று. அம்மருந்தை அவர்கள் எதனுடன் விழுங்கினர் என்பதைக் கணக்கில் சேர்ப்பதற்கு இடம் இருக்கவில்லை. தள்ளப்பட்ட அக்கேள்வி இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விஞ்ஞானத்தின் வழியாகவே திரும்பி வந்தது. அது தோட்ட மக்களுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை நெகிரி செம்பிலான் மாநிலத்தை முன்வைத்து ஆராய்வது பயனுடையதாகும்.

குன்று நிலமும் குளிர்காய்ச்சலும்

நெகிரி செம்பிலானின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. போர்ட்டிக்சன், லிங்கி வட்டாரங்கள் கடலோரத்தைச் சார்ந்தவை. சிரம்பானுக்குக் கிழக்கே சென்றால் ஜெலுபு, கோலப்பிலா, ரெம்பாவ், தம்பின் ஆகிய பகுதிகளில் குன்றுகளும் அவற்றிடையே ஓடும் சிற்றோடைகளும் நிறைந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. காடு வெட்டவும் வடிகால் தோண்டவும் பால் வெட்டவும் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர்.

அவர்களை எதிர்கொண்ட முதற்பகை மலேரியா என்னும் முறைக்காய்ச்சல். கொசுவே இக்காய்ச்சலைப் பரப்புகிறது என்பதற்குரிய அடிப்படைச் சான்றை 1897 ஆம் ஆண்டில் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901 இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பணி ஏற்ற மால்கம் வாட்சன், அவ்வறிவை மலாயாவின் மண்ணில் செயற்படுத்தினார். அவர் கண்ட உண்மை ஒன்று வியப்பளிப்பது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. குன்று நிலத்திலோ காட்டை அழித்ததும் காய்ச்சல் பெருகியது. நிழலில் கிடந்த ஓடை வெயிலைக் கண்டதும், தெளிந்த நீரில் முட்டையிடும் மாக்குலாத்தஸ் என்னும் அனோபிலிஸ் கொசு அங்குக் குடியேறியதே காரணம். ஆகவே குன்றுகள் மிகுந்த நெகிரி செம்பிலானில், தோட்டம் திறக்கத் திறக்க நோயும் கூடவே வளர்ந்தது.

பெரட்டுக் களத்தில் கொயினா

வடிகால் கட்டவும் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும் காலமும் பணமும் வேண்டியிருந்தன. உடனே கையில் கிடைத்தது கொயினா ஒன்றே. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதனைப் பெல்லத்தியே, காவாந்து என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1820 இல் பிரித்தெடுத்தனர். அம்மரம் தமிழர்க்கு அயலானதன்று. 1860 ஆம் ஆண்டுவாக்கில் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சென்னை அரசாங்கத்தார் சிங்கோனா பயிரிட்டனர். ஆயினும் பிற்காலத்தில் உலகின் கொயினாவில் பெரும்பகுதியை அளித்தது டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவே.

விடியுமுன் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையில் நிற்கும்போதே கொயினா கொடுக்கும் வழக்கம் மலாயாத் தோட்டங்களில் பரவியிருந்தது. கசப்பு மருந்தை வாங்கிக்கொண்டு போய் லயத்தின் பின்புறம் எறிந்துவிடுபவர் உண்டாதலால், கண்ணெதிரே விழுங்கச் செய்வது நல்ல முறை எனக் கருதப்பட்டது. டிரெசரின் பொறுப்பு, மருந்து தொண்டைக்குள் இறங்குவதைப் பார்ப்பதோடு முடிந்தது.

ஆனால் கொயினாவின் இயல்பே ஒரு பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. கொயினா சல்பேட் தண்ணீரில் எளிதில் கரையாது. அமிலம் சேர்ந்தால் கரையும். அதனால்தான் கொயினாக் கரைசல் தயாரிக்கும்போது சிறிதளவு அமிலம் சேர்க்கப்பட்டது. நாட்பட்டு இறுகிய மாத்திரை குடலில் கரையாமலே வெளியேறிவிடக்கூடும். மருந்து உடலிற் சேர்ந்ததா என்பதைச் சிறுநீரைச் சோதித்து அறியும் எளிய இரசாயன முறையும் மருத்துவ உலகில் இருந்தது. வாய்க்கும் இரத்தத்திற்கும் இடையே ஒரு நீண்ட பாதை உண்டு என்பதை அக்காலத்து மருந்தியலார் அறிந்தே இருந்தனர். அப்பாதையில் உணவும் பானமும் குறுக்கிடலாம் என்பதே அதிகம் ஆராயப்படாமல் இருந்தது.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்தல் வேண்டும். புளித்த பழச்சாறு கொயினாவைக் கெடுக்குமா என்று பிற்காலத்தில் நேரே சோதித்துப் பார்த்தனர். நியூசிலாந்தின் ஒத்தாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1999 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நலமுள்ள பத்துப் பேர்க்குக் கொயினாவைக் கிரேப்புரூட் பழச்சாற்றுடன் கொடுத்து இரத்தத்தில் அளந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே பழையவர்கள் கொயினாவை எதனுடன் விழுங்கியிருந்தாலும் அதனால் பெருங்கேடு விளைந்தது என்று சொல்ல இடமில்லை. எல்லா மருந்தும் அவ்வாறு இருப்பதில்லை என்பதே அடுத்து வரும் செய்தி.

போருக்குப் பின் வந்த மாத்திரைகள்

1942 இல் ஜப்பானியர் மலாயாவையும் ஜாவாவையும் பிடித்தனர். ஜாவாவின் கொயினா நேச நாடுகளுக்கு எட்டாமற் போயிற்று. தோட்ட மக்களுக்கும் எட்டவில்லை. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மாண்டனர். காலரா, சீதபேதி, பட்டினி ஆகியவற்றோடு மலேரியாவும் அவர்களை வாரிக்கொண்டது. மருந்து இருந்தும் உடலில் சேராமை ஒரு துன்பமாயின், மருந்தே இல்லாமை எத்தகைய கொடுமை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

கொயினாவுக்கு மாற்று தேடும் முயற்சி போருக்கு முன்பே தொடங்கியிருந்தது. கோலாலம்பூரில் 1900 இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. பீல்டு முதலியோர், தோட்டத் தொழிலாளரிடையே கொயினாவையும் அட்டெப்ரினையும் ஒப்பிட்டு ஆராய்ந்த முடிவுகள் 1937 இல் சர்வதேச சங்கத்தின் சுகாதார வெளியீட்டில் வந்தன. போர் முடிந்ததும் பலூட்ரின் என்று வழங்கிய புரோகுவானிலும், அதனையடுத்துக் குளோரோகுவினும் வந்தன.

நெகிரி செம்பிலானின் தம்பின் வட்டாரம் மலேரியா மருந்துகளின் வரலாற்றில் ஓர் இடம் பெற்றிருக்கிறது. போருக்குப் பின் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்குப் புது மருந்துகளைச் சோதித்தனர். புரோகுவானிலுக்கு அடங்காத மலேரியாக் கிருமி மலாயாவில் தோன்றிவிட்டதைப் பீல்டும் எடிசனும் 1949, 1950 ஆம் ஆண்டுகளில் மருத்துவ உலகிற்கு அறிவித்தனர். 1960-களில் குளோரோகுவினுக்கும் அடங்காத கிருமிகள் மலாயாவில் காணப்பட்டன.

மருந்து கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை என்றால் அதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். கிருமி மருந்தை வென்றிருக்கலாம்; அல்லது மருந்து கிருமி இருக்கும் இடத்தையே எட்டாதிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கிருமியின் மேல் பழி சுமத்துவது முறையாகாது. ஆகவேதான் 1973 இல் உலகச் சுகாதார நிறுவனம், மருந்தெதிர்ப்பு என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது, மருந்து 'கொடுக்கப்பட்டும், உடலில் உறிஞ்சப்பட்டும்' கிருமி பிழைத்திருப்பதே எதிர்ப்பு எனப் பொருள்படுமாறு வகுத்தது. கொடுத்தல் வேறு, உறிஞ்சப்படுதல் வேறு என்ற உண்மை இலக்கணத்திலேயே இடம் பெற்றுவிட்டது. பெரட்டுக் களத்துக் கணக்கில் இல்லாத இரண்டாவது பத்தி இதுவே.

புளி செய்யும் இரு வேலைகள்

இலக்கணத்தில் வந்த அந்த ஒரு சொல்லின் பொருளைச் சூடான் நாட்டு ஆராய்ச்சி ஒன்று நன்கு விளக்கியது. அந்நாட்டில் அரதைப் என்பது புளியிலிருந்து செய்யப்படும் குளிர்பானம். கர்க்கடே என்பது செம்புளிச்சைப் பூவிலிருந்து இறக்கப்படுவது. இவற்றையும் எலுமிச்சைப் பானத்தையும் குளோரோகுவினுடன் நலமுள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தனர். மூன்று பானங்களுமே இரத்தத்தில் சேரும் குளோரோகுவினின் அளவைக் குறிப்பிடத்தக்கவாறு குறைத்தன என்று 1994 இல் அவ்வாராய்ச்சி வெளியாயிற்று.

புளி தமிழர் சமையலின் உயிர்நாடி. ரசமும் புளிக்குழம்பும் இல்லாத தோட்டத்து வீடு ஏது? சோதிக்கப்பட்டது புளிப்பானமே அன்றி ரசமன்று என்பதை மறக்கலாகாது. ரசத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த ஒரு சோதனை போதாது. ஆயினும், பத்தியத்தில் புளியைத் தள்ளச் சொன்ன பழைய வைத்தியரைப் பார்த்து நகைத்தவர்கள், சற்றே நின்று எண்ணிப்பார்க்க இது போதுமானது.

அதற்காகப் புளி எந்த மருந்துக்கும் பகை என்று துணிந்துவிடவும் கூடாது. 1996 இல் நைஜீரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், புளிச்சாறு சேர்ந்த உணவுடன் ஆஸ்பிரின் உண்டவர்களின் இரத்தத்தில் அம்மருந்து மிகுதியாகச் சேர்ந்தது. ஒரே புளி ஒரு மருந்தைக் குறைக்கிறது, இன்னொன்றைக் கூட்டுகிறது. 'புளி ஆகாது', 'பழம் நல்லது' என்று பொதுப்படப் பேசுவதில் பயனில்லை. எந்த மருந்துக்கு எந்தச் சாறு என்று கேட்பதே அறிவுடைமை. அனுபானக் கொள்கையின் உட்பொருளும் அதுவே.

இந்தியாவிலும் இத்துறையில் ஒரு முயற்சி நடந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகம் பல மருந்துகளோடு சேர்க்கப்படுவது ஏன் என்ற வினாவை ஜம்முவிலிருந்த வட்டார ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த சி. கே. அத்தல் 1970-களின் இறுதியில் எழுப்பினார். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்னும் பொருள் சில மருந்துகள் இரத்தத்தில் சேர்வதை மிகுவிக்கிறது என்று அவர் குழுவினர் காட்டினர். அதன் பயனாகக் காசநோய் மருந்தாகிய ரிபாம்பிசினுடன் பைப்பரின் சேர்த்த மாத்திரை 2009 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பழைய ஏடுகளில் உள்ளதெல்லாம் உண்மை என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. சோதிக்கத் தக்க கேள்விகள் அங்கு உள்ளன என்று கொண்டால் போதும்.

சோகையும் தேத்தண்ணீரும்

மலேரியாவுக்கு அடுத்தபடியாகத் தோட்ட மக்களின் வலிமையை உறிஞ்சியது கொக்கிப்புழு. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவரின் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி, இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகியோர் 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தனர். இரு நோய்களும் சேர்ந்து வெளுத்த முகங்களையும் வீங்கிய கால்களையும் லயங்களில் நிறைத்தன.

புழுவை வெளியேற்றிய பின்னும் இழந்த இரத்தம் ஊற வேண்டும். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பர். சோகை கண்ட கர்ப்பிணிக்கு அம்மாத்திரை இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆனால் இரும்பு குடலில் எளிதாகச் சேர்வதன்று. எலுமிச்சை, கொய்யா, பப்பாளி போன்ற பழங்களில் உள்ள வைட்டமின் சி, இரும்பு உறிஞ்சப்படுவதை வளர்க்கும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளோ அதனைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975 இல் வெளியிட்ட சோதனைகள் தேநீரின் இத்தன்மையைத் தெளிவாக்கின.

பால் வெட்டப் போகுமுன் ஒரு குவளை தேத்தண்ணீர், திரும்பி வந்ததும் மற்றொன்று என்பது தோட்டத்து வாழ்க்கை முறை. காலையில் இரும்பு மாத்திரையை அத்தேத்தண்ணீரோடு விழுங்கும் பெண், மருந்து உண்டும் உண்ணாதவளாகிறாள். அதே மாத்திரையை ஓர் எலுமிச்சம்பழச் சாற்றோடு உண்பவளுக்குக் கூடுதல் பயன் கிட்டும். இரும்பைப் பொறுத்தவரையில் பழச்சாறு நண்பன், தேநீர் பகை. செலவில்லாத இந்தச் செய்தி அடுப்படியை எட்டினால் பல தாய்மார் நலம் பெறுவர்.

இந்நாட்டுப் பழம் உலகைச் சுற்றி வந்த கதை

இனி இவ்வரலாற்றின் முக்கியப் பகுதிக்கு வருவோம். மலாய்க்காரர் லிமாவ் பாலி என்றும் தமிழர் பம்பளிமாசு என்றும் அழைக்கும் பெரிய பழத்தை யாவரும் அறிவர். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கடைகளில் குவிந்திருக்கும். அதன் தாயகம் மலாய்த் தீவுகளையும் உள்ளடக்கிய தென்கிழக்காசியா. பதினேழாம் நூற்றாண்டில் ஷடக் என்ற கப்பல் தலைவர் அதன் விதையைக் கீழ்நாடுகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார் என்பது வழிவழிச் செய்தி. அங்கே அது இனிப்பு ஆரஞ்சோடு கலந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு புதுப் பழம் பிறந்தது. கொத்துக் கொத்தாய்க் காய்ப்பதால் பின்னர் அதற்குத் திராட்சையின் பெயரையொட்டிக் கிரேப்புரூட் என்ற பெயர் அமைந்தது. தாய் இந்நாட்டுப் பம்பளிமாசு, பிள்ளை கிரேப்புரூட்.

1980-களின் இறுதியில் கனடா நாட்டின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்னும் மருந்தியல் அறிஞரும் அவர் தோழர்களும், பெலோடிப்பின் என்ற இரத்தக் கொதிப்பு மருந்தோடு மதுவைச் சேர்த்தால் என்ன நிகழும் என ஆராய்ந்தனர். மதுவின் சுவை தெரியாதிருக்கும் பொருட்டு அதனைக் கிரேப்புரூட் சாற்றில் கலந்தனர். மது கலவாத சாறு குடித்தவர்களிடமும் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு உயர்ந்திருந்தது. குற்றம் மதுவினுடையதன்று, சாற்றினுடையது என்பது புலப்பட்டது. முதற்செய்தி 1989 இல் வந்தது. 1991 இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரையோ, தண்ணீருடன் உண்டபோது சேர்ந்ததைப் போலச் சராசரி 284 விழுக்காடு பெலோடிப்பின் சாற்றுடன் சேர்ந்ததாகக் காட்டியது. ஆரஞ்சுச் சாற்றுக்கு அவ்வாற்றல் இருக்கவில்லை.

குடலின் வாயிற்காவலன்

இதன் காரணம் பின்னர் விளங்கிற்று. சிறுகுடலின் சுவரில் ஒரு நொதிப்பொருள் உள்ளது. உணவோடு வரும் அயற்பொருள்களை உடைத்து அழிப்பது அதன் தொழில். வாயிற்காவலன் என்று அதனைச் சொல்லலாம். பல மருந்துகளில் ஒரு பகுதியை இக்காவலன் வாயிலிலேயே அழித்துவிடுகிறான். மருத்துவர் குறிக்கும் அளவு, இந்த இழப்பையும் கணக்கிட்டுக் குறித்ததாகும். கிரேப்புரூட்டில் உள்ள பியூரனோகூமரின் என்னும் பொருள்கள் காவலனைச் செயலற்றவனாக்கிவிடுகின்றன. அதனால், நூற்றில் சிறுபகுதியே நுழையவேண்டிய மருந்து பெரும்பகுதியாக நுழைந்துவிடுகிறது. ஒரு மாத்திரை உண்டவன் பல மாத்திரை உண்டவன் நிலையை அடைகிறான்.

குடல் புதிய நொதிப்பொருளை உண்டாக்கும் வரை இந்நிலை நீடிக்கும். ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆதலால் காலையில் சாறும் மாலையில் மருந்தும் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்வதால் முற்றிலும் தப்பிவிட முடியாது. ஒரு முழுப்பழமோ ஒரு குவளைச் சாறோ இவ்விளைவுக்குப் போதும்.

கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் சிம்வாஸ்டாட்டின் இதற்குத் தக்க சான்று. பின்லாந்து ஆய்வாளர்கள் 1998 இல் செறிவான சாற்றை நாளுக்கு மும்முறை கொடுத்துச் சோதித்தபோது இரத்தத்தில் சேர்ந்த மருந்து 16 மடங்காயிற்று. சாதாரணச் சாறு நாளுக்கு ஒரு குவளை கொடுத்த 2004 ஆம் ஆண்டுச் சோதனையிலும் அது ஏறத்தாழ மூன்றரை மடங்காயிற்று. இம்மருந்து மிகுந்தால் தசைகள் சிதையலாம். சிதைந்த தசை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இரத்தக் கொதிப்பு மருந்துகளுள் பெலோடிப்பின், நிபிடிப்பின் போன்றவை மிகுந்தால் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். அம்லோடிபின்மேல் இதன் தாக்கம் மிகச் சிறிதே. மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு என்பது இங்கும் உறுதியாகிறது.

வேறுபாடு எதிர்த்திசையிலும் செல்லும். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் பெக்சோபினடின் என்னும் மருந்தைக் கிரேப்புரூட், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் குறைத்துவிடுகின்றன என்பதை 2002 இல் கனடிய ஆய்வாளர்கள் கண்டனர். இங்கே தடைபடுவது காவலன் அல்லன். மருந்தைச் சுமந்து உள்ளே விடும் சுமைகாரன். காவலன் தூங்கினால் மருந்து மிகுகிறது. சுமைகாரன் நின்றுவிட்டால் குறைகிறது. 2012 இல் பெய்லி முதலியோர் தொகுத்தபோது, கிரேப்புரூட்டால் பாதிக்கப்படக்கூடிய மருந்துகள் 85-க்கும் மேற்பட்டிருந்தன. அவற்றுள் கடுந்தீங்கு விளைவிக்கக்கூடியவை 2008 இல் 17 ஆக இருந்து 43 ஆகப் பெருகியிருந்தன.

பெயர் தெரியாத எச்சரிக்கை

மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டில் தொற்றிய மனித மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை என்று சுகாதாரத் துறையினர் அறிவித்தனர். குரங்கிலிருந்து மனிதர்க்குத் தாவும் நோலேசி வகை மட்டும் நீடித்தது. கொயினாவுக்கு வரிசை நின்ற தலைமுறை மறைந்துவிட்டது. ரப்பர் நின்ற குன்றுகள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் சிரம்பான், செனவாங், நீலாய் முதலிய பட்டணக் குடியிருப்புகளில் முதுமையைக் கழிக்கின்றனர். அவர்களின் நோய்கள் இப்போது நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு. பெரட்டுக் களத்தில் தினம் ஒரு மருந்து விழுங்கியவர்களின் பிள்ளைகள் இன்று தினம் நாலைந்து மாத்திரைகளை விழுங்குகின்றனர்.

அம்மாத்திரைகளோடு வரும் தாளில் கிரேப்புரூட் சாறு கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்குக் கிரேப்புரூட் என்றால் என்ன? அதை அவர் கண்டிருக்கவும் மாட்டார். சிலர் அதனைத் திராட்சை என்று தவறாக மொழிபெயர்த்துக்கொண்டு, ஒன்றும் அறியாத திராட்சையை ஒதுக்கிவிட்டுப் பம்பளிமாசைத் தாராளமாக உண்ணக்கூடும். தாய்ப்பழமாகிய பம்பளிமாசிலும் அதே பியூரனோகூமரின் பொருள்கள் உள்ளன. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்ட ஒருவர்க்குப் பம்பளிமாசு உண்டதால் தாக்ரோலிமஸ் என்னும் மருந்து இரத்தத்தில் உயர்ந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2003 இல் பதிவு செய்தனர். பழம் இந்நாட்டினுடையது, எச்சரிக்கை மட்டும் அயல்நாட்டுப் பெயரில் வந்து நிற்கிறது. ஒரு சொல் சரியாகப் பெயர்க்கப்படாமையால் ஓர் உயிருக்கு ஊறு நேருமாயின், அது மருத்துவரின் குறையாக மட்டும் நின்றுவிடாது. மொழி கற்பிப்போரையும் சாரும்.

தமிழாசிரியர் மருத்துவராக வேண்டுவதில்லை. எந்த மருந்தை எவர் உண்ணலாம் என்று தீர்ப்பளிப்பதும் அவர் கடமையன்று. ஒருவர் தாமாக மருந்தை நிறுத்திவிடுவது பழச்சாற்றைவிடப் பெரிய கேடு. ஆனால் வகுப்பில் உணவைப் பற்றிய பாடம் வரும்போது, மாத்திரையை வெறுந்தண்ணீருடன் விழுங்குவதே பொது விதி என்று சொல்லலாம். கிரேப்புரூட் என்று எழுதியிருந்தால் பம்பளிமாசு என்றும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சொல்லலாம். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு உண்ணாதே என்று அம்மாவிடம் சொல் எனலாம். மருந்து வாங்கும்போது, 'இதனோடு எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது?' என்று மருந்தகத்தாரைக் கேட்கப் பழக்கலாம். பட்டணத்துக் கிளினிக்கில் தாத்தாவுக்குத் துணையாகச் செல்லும் பேரப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், பெரட்டுக் களத்துக் கணக்கில் விடுபட்ட பத்தி நிரம்பத் தொடங்கும்.

அனுபானம் என்ற சொல்லை நம் முன்னோர் வைத்துச் சென்றனர். அச்சொல்லுக்கு உரிய கேள்வியையும் மறவாமல் கேட்பதே அதனைப் போற்றும் வழி.